அரிசோனாப் பாலைவனத்தில் ஒரு கேரவன் பூங்கா: பன்னிரண்டு பேருடன் நான்கு இரவுகள்

காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து பெங்களூரு வழியாக விமானம் ஏறி அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இப்போது நிறைய இருக்கிறார்கள். அப்படிப் போன எங்களை எங்கள் மகன் 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்துக்கு மேற்கே, பாலைவனத்துக்குள் இருக்கும் ஓர் ஆர்.வி. பூங்காவில் நான்கு இரவுகள் தங்க அழைத்துச் சென்றான். ஆர்.வி. என்பது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டி. நம் ஊரில் சினிமாப் படப்பிடிப்புக்கு வந்து நிற்கும் கேரவன் என்றால் எல்லோருக்கும் புரியும். ஊர் திரும்பிய பிறகு உறவினர் பலரும் அந்த இடம் எப்படி, வயதானவர்களை அழைத்துப் போகலாமா, செலவு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், கண்டதையும் பட்டதையும் முழுமையாக எழுதிவைக்கிறேன். குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில இருப்பதால் பூங்காவின் பெயரைக் குறிப்பிடவில்லை. அந்த வட்டாரத்தில் இதே அமைப்பில் பல பூங்காக்கள் இருப்பதால், இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி எங்கே தங்கினாலும் பயன்படும்.

நாங்கள் பன்னிரண்டு பேர். எழுபத்தெட்டு வயதான என் மாமியார், என் கணவர், நான், மகன், மருமகள், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகள், ஓசூரிலிருந்து வந்திருந்த சம்பந்தியும் சம்பந்தியம்மாவும், சான் டியேகோவிலிருந்து காரில் வந்து சேர்ந்துகொண்ட என் கொழுந்தனாரின் மகள், அவள் கணவர், அவர்களுடைய ஒன்றரை வயதுக் குழந்தை. இத்தனை பேரும் ஓட்டலில் தங்கியிருந்தால் ஐந்து அறைகள் எடுத்து, ஒருவரையொருவர் பார்க்கக் கதவைத் தட்ட வேண்டியிருந்திருக்கும். குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் மகன் இந்த ஏற்பாட்டைச் செய்தான். அந்த ஒரு நோக்கத்தைப் பொறுத்தவரை பூங்கா எங்களை ஏமாற்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பதிவு செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. டூசானைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சகுவாரோ தேசியப் பூங்காவைத் தேடித்தான் போகிறார்கள். 1933-இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டு 1994-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட அந்தக் காட்டுக்குள் வீட்டு வண்டிகளை நிறுத்தி இரவு தங்க இடமில்லை. ஆகவே வெளியே இருக்கும் தனியார் பூங்காவிலோ உள்ளூர் நிர்வாகம் நடத்தும் முகாமிலோதான் தங்க வேண்டும். தனியார் பூங்காக்களில் பல, ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அமெரிக்காவின் வடமாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பனிக்காலத்தைக் கழிக்க வரும் ஓய்வு பெற்றவர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்குகிறார்கள். குழந்தைகள் வந்து பார்த்துவிட்டுப் போகலாமே தவிர, தங்க அனுமதி பெரும்பாலும் கிடைக்காது. மகன் முதலில் பதிவு செய்திருந்த இடம் அப்படிப்பட்டதுதான் என்பது தாமதமாகத் தெரியவந்து, அதை ரத்து செய்துவிட்டு, எல்லா வயதினரையும் ஏற்கும் வேறொரு பூங்காவைத் தேடிப் பிடித்தான். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒன்றைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி வரை டூசானில் நடக்கும் புகழ்பெற்ற ரத்தினக் கல், கனிமக் கண்காட்சியின்போது இடம் கிடைப்பது அரிது. கோடையைப் பற்றிப் பேசவே வேண்டாம். மகன் குடியிருக்கும் ஃபீனிக்ஸ் பகுதியில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நவம்பர் முதல் மார்ச் வரைதான் நமக்கு ஏற்ற காலம். நாங்கள் இருந்தபோது பகல் 20 டிகிரிக்குச் சற்று மேலாகவும் விடியற்காலை 5 டிகிரியை ஒட்டியும் இருந்தது. தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் மார்கழிக் குளிரில் இருந்தவர்களுக்கு அது தாங்கக்கூடியதே.

ஃபீனிக்ஸை அடுத்த சாண்ட்லர் நகரில் இரண்டு வண்டிகளை வாடகைக்கு எடுத்தோம். ஒன்று முப்பது அடி நீளம், மற்றொன்று இருபத்தைந்து அடி. இந்த அளவு வண்டியை ஓட்டச் சாதாரண கார் உரிமமே போதும் என்பதால் மகனும் கொழுந்தனாரின் மருமகனும் ஆளுக்கு ஒன்றை ஓட்டினார்கள். பெரிய வண்டியில் எட்டுப் பேர் படுக்கலாம் என்று வாடகை நிறுவனத்தின் விளம்பரம் சொன்னது. எட்டுப் பேர் படுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்குச் சாப்பாட்டு மேசையை மடக்கிக் கட்டிலாக்க வேண்டும், ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள பரணில் இருவர் ஏணி வைத்து ஏற வேண்டும், இரவில் ஒருவர் கழிப்பறைக்கு எழுந்தால் மூவர் கால்களை ஒதுக்க வேண்டும். எட்டு என்று எழுதியிருந்தால் ஐந்து என்று கணக்கிட்டுக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இந்தப் பூங்காக்களில் நாம் கட்டும் பணம் உண்மையில் வண்டிக்கு வெளியே உள்ள தரைக்குத்தான் என்பது முதல் மாலையே விளங்கிவிட்டது. சரளைக்கல் பரப்பிய மனை ஒவ்வொன்றிலும் வண்டி நிற்க ஒரு பட்டை, அதை ஒட்டி பத்தடிக்கு இருபதடி அளவில் சிமெண்ட் தளம், மரமேசை, நிழலுக்கு ஒரு மரம் ஆகியவை இருந்தன. வண்டியின் பக்கவாட்டிலிருந்து துணிப்பந்தலை விரித்தால் அந்தத் தளம் திண்ணையாகிவிடுகிறது. தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நாங்கள் அங்கேதான் இருந்தோம். என் மாமியார் நாற்காலியில் அமர்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, “நம்ம குலதெய்வம் கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கிட்டுப் போயி புளியமரத்தடியில தங்குவமே, அது மாதிரியே இருக்குதும்மா” என்றார். அதைவிடச் சரியாக அந்த இடத்தை விவரிக்க என்னால் முடியாது. பொங்கல் வைத்து, அடுப்புக் கூட்டி, பங்காளிகள் குடும்பம் குடும்பமாக வண்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு ஆர்.வி. பூங்கா புதிய இடமாகத் தோன்றாது.

ஆனால் இரண்டு மனைகளை அடுத்தடுத்து எடுக்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் பூங்கா அலுவலகம் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்த வண்டிகளுக்குக் கதவும் துணிப்பந்தலும் வலது பக்கம். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகியவற்றின் இணைப்புகள் இடது பக்கம். இரண்டு வண்டிகளும் ஒரே திசையைப் பார்த்து நின்றால், ஒரு வண்டியின் திண்ணை முடியும் இடத்தில் பக்கத்து வண்டியின் கழிவுநீர்க் குழாய் கிடக்கும். பன்னிரண்டு பேரும் கூடி உட்காரக் கிடைத்த ஒரே தளத்தின் ஓரத்தில் இப்படி ஒரு குழாய் ஓடியதைப் பார்த்த சம்பந்தியம்மா, அங்கே சமைப்பதற்கு ஒப்பவே இல்லை. அவர் சொன்னது முற்றிலும் நியாயம். இரண்டு வண்டிகளின் கதவுகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி அமைத்த இணைமனைகள் அதே பூங்காவில் இருந்தன. நண்பர்களுக்கான மனை என்ற பொருளில் அவற்றைப் ‘பட்டி சைட்’ (buddy site) என்று அழைக்கிறார்கள். ஒரே குடும்பம், இரண்டு மனை, பன்னிரண்டு பேர் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதியிருந்தபோது, இணைமனை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் அவை நிரம்பிவிட்டன. சமையலைத் தளத்தின் முன்முனைக்கு நகர்த்திக்கொண்டு சமாளித்தோம்.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கூட்டுக் குடும்பத்தின் முதல் சிக்கல் அங்கேதான் வருகிறது. மனைகளில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இரண்டு வகை இணைப்பு உண்டு. அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட். ஆகவே 30 ஆம்பியர் இணைப்பில் ஒரு வண்டி முழுவதற்கும் கிடைப்பது 3,600 வாட் மட்டுமே. நம் வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு 15 ஆம்பியர் பவர் பிளக்கே ஏறத்தாழ அவ்வளவு தரும். இரண்டாம் நாள் மாலை, குழந்தைக்குக் குளிராமல் இருக்க 1,500 வாட் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, மருமகள் மைக்ரோவேவில் பால் சூடாக்கினாள், அதே நேரத்தில் நான் காப்பிக்கு மின்கெட்டிலைப் போட்டேன். மூன்றும் சேர்ந்து 4,500 வாட்டைத் தொட்டதும் வண்டி இருட்டாகிவிட்டது. வெளியே கம்பத்திலிருந்த பிரேக்கரை மகன் மீண்டும் தூக்கிவிட்ட பிறகு, எந்த நேரத்தில் எது ஓடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டினோம். மூன்று மின்சாதனங்களில் எப்போதும் ஒன்று ஓய்வில் இருக்க வேண்டும் என்ற அந்த ஒரே விதி மற்ற நாட்களைக் காப்பாற்றியது. 50 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு வருவதால் அது 12,000 வாட் வரை தரும். அதற்கு ஏற்ற வண்டியாக இருந்து, கட்டண வேறுபாடு சில டாலர்களே என்றால் அதையே எடுக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோகும் மிக்ஸி அந்த மின்னழுத்தத்தில் ஓடாது என்பதையும் நினைவில் வைக்கவும். மருமகளிடம் இருந்த 110 வோல்ட் மிக்ஸியால்தான் கடலைச் சட்னி அரைக்க முடிந்தது.

அடுத்தது தண்ணீரும் கழிவும். இதை எழுதக் கூச்சப்பட்டால் படிப்பவர்களுக்குப் பயன் இருக்காது. ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று நல்ல தண்ணீருக்கு. குளியல், பாத்திரம் கழுவும் நீர் போகும் இரண்டாவதைக் கிரே டேங்க் என்றும், கழிப்பறைக் கழிவு போகும் மூன்றாவதைப் பிளாக் டேங்க் என்றும் சொல்கிறார்கள். மூன்று இணைப்பும் மனையிலேயே இருந்தால் அது ஃபுல் ஹூக்கப். தண்ணீரும் மின்சாரமும் மட்டும் உள்ள மனைகளில், தொட்டி நிரம்பியதும் வண்டியைக் கிளப்பி, பொது இடத்தில் இருக்கும் கழிவுக் குழிக்கு ஓட்டிப்போக வேண்டும். பந்தலைச் சுருட்டி, நாற்காலிகளைத் தூக்கி, வயதானவர்களை எழுப்பி இதைச் செய்வது பெரிய குடும்பத்துக்கு ஆகாது. எங்கள் இரு மனைகளிலும் ஃபுல் ஹூக்கப் இருந்தது. பூங்காவுக்கு நான் தரும் மதிப்பெண்ணில் கணிசமான பகுதி இதற்காகத்தான்.

கழிவு இணைப்பு இருக்கிறது என்பதற்காகப் பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைத்துவிடக் கூடாது. அப்படி வைத்தால் நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு தொட்டியிலேயே தங்கி இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் வரை மூடிவைத்து, பிறகு முதலில் பிளாக் டேங்கையும் அடுத்துக் கிரே டேங்கையும் திறக்க வேண்டும். சோப்பு நீர் பின்னால் ஓடி வந்து குழாயைக் கழுவிவிடும். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள் என்பதால் நம் வண்டியின் தொட்டி மற்றவர்களுடையதைவிட விரைவில் நிரம்பும். ஆனால் அதே தண்ணீர் கழிவை இளக வைப்பதால் அடைப்பு வருவதும் குறைவு. எழுவர் இருந்த பெரிய வண்டியின் தொட்டியை இரண்டாம் நாளே வெளியேற்ற வேண்டியிருந்தது. மகன் கையுறை போட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்தபோது என் கணவரும் சம்பந்தியும் கூடவே நின்று கற்றுக்கொண்டார்கள். நான்காம் நாள் அவர்கள் இருவருமே செய்துமுடித்தார்கள். குளியல் விஷயத்தில் தருமபுரி வட்டாரத்துப் பழக்கம் கைகொடுத்தது. குழாயடியில் காத்திருந்து பிடித்த தண்ணீரை அளந்து செலவழித்து வளர்ந்த என் மாமியாருக்கு, உடலை நனைத்துவிட்டுக் குழாயை மூடி, சோப்பு தேய்த்த பிறகு மீண்டும் திறக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வண்டியின் வெந்நீர்க் கலன் சிறியது. ஒருவர் அளவில்லாமல் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

சமையல் முழுவதையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான யோசனை. வண்டிக்குள் மூன்று பர்னர் உள்ள புரொப்பேன் அடுப்பு இருந்தது. கடுகும் மிளகாயும் தாளித்த முதல் காலையிலேயே புகை அலாரம் அலறி, குழந்தை பயந்து அழுதது. அதன் பிறகு வெளியே மேசையில் எரிவாயு அடுப்பை வைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் மதியம் களி கிண்டினோம். ஃபீனிக்ஸில் உள்ள இந்தியக் கடையில் வாங்கிய ராகி மாவுதான். நொய்யை வேகவைத்து, மாவை நடுவில் குவித்து, மூடி வெந்த பிறகு கிண்டத் தொடங்கியபோது, வண்டியோடு தந்திருந்த மரக்கரண்டி இரண்டாம் சுற்றிலேயே முறிந்துவிட்டது. என் மாமியார் எழுந்து வந்து, துடைப்பத்தின் கழியைக் கழற்றச் சொல்லி, அதைச் சோப்புப் போட்டுக் கழுவி வெந்நீர் ஊற்றி, மருமகளைப் பாத்திரத்தின் இரு காதுகளையும் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தாமே கிண்டி முடித்தார். கையை நனைத்து அவர் உருட்டிவைத்த பன்னிரண்டு உருண்டைகளும் கொள்ளுச்சாறும் அந்த நான்கு நாட்களில் நாங்கள் சாப்பிட்டவற்றில் சிறந்தவை. சாப்பிட்ட பாத்திரங்களை இரவில் வெளியே விடக் கூடாது என்ற விதியைப் பூங்கா கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறது. காட்டுப்பன்றியைப் போன்ற ஹவலீனா என்ற விலங்குகள் கூட்டமாக வந்து எல்லாவற்றையும் புரட்டிவிடும் என்று அலுவலகத்தில் எச்சரித்திருந்தார்கள்.

மார்கழி மாதம் என்பதால் மருமகள் தினமும் அந்தச் சிமெண்ட் தளத்தில் அரிசி மாவால் கோலம் போட்டாள். முதல் நாள் ஏழு மணிக்கெல்லாம் காடைகள் வந்து இறங்கின. நம் பண்ணைகளில் வளர்க்கும் காடையைவிடச் சற்றுப் பெரியவை. நெற்றியின் மேல் கருப்பாக ஒரு கொண்டை முன்பக்கம் வளைந்து தொங்கியது. வரிசையாக ஓடிவந்து, புள்ளி புள்ளியாகக் கொத்தி, கால் மணி நேரத்தில் கோலத்தின் ஒரு பக்கத்தையே தின்றுவிட்டன. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பூங்கா ஊழியர் வந்து, மாவு மற்ற விலங்குகளையும் இழுக்கும் என்பதால் சாக்பீஸால் வரையும்படி கேட்டுக்கொண்டார். அவர் அதைச் சொன்ன விதத்தில் மரியாதை இருந்தது. வரைந்து முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டும் போனார்.

பாலைவனம் என்றதும் மணல் மேடுகளை எதிர்பார்த்துப் போகக் கூடாது. டூசானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெய்வதில் பாதிக்கும் குறைவு. இருந்தாலும் ஒரு முட்காட்டை வாழவைக்க அது போதும். இராயக்கோட்டை மலையடிவாரத்தில் நிற்பதைப் போன்றே பாறையும் முட்புதரும் எங்களைச் சுற்றி இருந்தன. என் மாமியார் அங்கிருந்த செடிகளைப் பெயர் சொல்லி அழைத்தார்: சப்பாத்திக்கள்ளி, ஆனைக்கற்றாழை, வேலிக்காத்தான். அவர் சொன்னதில் பிழை இல்லை. நம் வேலிகளில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்தவை. சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரம்தான் எங்கள் மனைக்கு நிழல் தந்தது. அதன் காய்களை அரைத்து மாவாக்கி உண்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய பழைய வழக்கம். சவாரோ என்று உச்சரிக்கப்படும் சகுவாரோக் கள்ளி மட்டும்தான் எங்களுக்குப் புதிது. 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய அந்தக் கள்ளி, கிளை விடுவதற்கே அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒரு கள்ளியை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ‘குதிக்கும் கள்ளி’ என்று அங்கே சொல்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெளிர்மஞ்சள் பஞ்சு சுற்றியது போல் மென்மையாகத் தெரியும். லேசாக உரசினாலே ஒரு கணு முழுவதும் கழன்று தோலில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து வயதுப் பேரன் பந்தை எடுக்கப் போனபோது அவன் முழங்கைக்குக் கீழே எலுமிச்சை அளவில் ஒரு கணு ஒட்டிக்கொண்டது. மகன் அதைக் கையால் பிடுங்கப் போனான். பக்கத்து மனையில் தங்கியிருந்த, கனடாவிலிருந்து வந்த முதியவர் ஓடிவந்து அவன் கையைத் தடுத்து, தம் சட்டைப் பையிலிருந்து சாதாரணத் தலைவாரும் சீப்பை எடுத்தார். சீப்பின் பற்களைத் தோலுக்கும் கணுவுக்கும் இடையே செருகி ஒரே வீச்சில் வெளிப்பக்கமாக எறிந்தார். கணு சரளையில் போய் விழுந்தது. மிஞ்சிய ஏழெட்டு முட்களை இடுக்கியால் எடுத்தோம். பேரன் அழுதான், அரை மணி நேரத்தில் விளையாடத் தொடங்கிவிட்டான். நுழைவாயிலில் ஒரு படமும் ஒரு சீப்பும் தொங்கவிட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும் என்று பூங்காவுக்கு எழுதியிருக்கிறேன்.

இரவு பத்து மணி முதல் காலை ஏழு வரை சத்தம் கூடாது, வெளிவிளக்குகளை அணைக்க வேண்டும் என்பது விதி. பேச்சை விரும்பும் நம் குடும்பங்களுக்கு இது கடினமாகத் தோன்றலாம். ஆனால் அந்த இருட்டால்தான் வானம் கிடைத்தது. வானாய்வுக்கூடங்கள் சூழ்ந்த டூசான் நகரம் வெளிவிளக்குகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 1972-லேயே கொண்டுவந்தது. ஊத்தங்கரைப் பக்கத்து ஆட்களுக்கு ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி இருப்பது தெரியும். அதுபோல அங்கே கிட் பீக் மலை. நாங்கள் தங்கியது மார்கழி அமாவாசையை ஒட்டிய நாட்கள். மேற்கே சுக்கிரன் மறையும் வரை வெளியே உட்கார்ந்திருந்தோம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த சம்பந்தி, குரு ரிஷபத்தில் ரோகிணியில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, கார்த்திகைக் கூட்டத்துக்குக் கீழே சிவப்பாக ஒளிரும் ரோகிணியையும் அதன் அருகே மின்னாமல் நின்ற குருவையும் பேத்திக்குக் காட்டினார். பஞ்சாங்கத்தில் கட்டமாகப் பார்த்ததை வானத்தில் பார்த்த அந்தக் குழந்தை அன்றிரவு வெகு நேரம் தூங்கவில்லை.

இனி, பூங்கா எங்களை வருந்த வைத்த பகுதி. முதியவர்களை நினைத்து அந்த இடம் கட்டப்படவில்லை; மாதக்கணக்கில் தங்குபவர்களில் பெரும்பாலோர் முதியவர்களாக இருந்தும் இதுதான் நிலை. வண்டியின் படிகள் மூன்றும் செங்குத்தானவை, ஒரு பக்கம்தான் கைப்பிடி. என் மாமியாருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. வண்டிக்குள் இருந்த கழிப்பறையில் திரும்பவே இடமில்லாததால் அவர் பொதுக் குளியலறையைத்தான் விரும்பினார். அது எங்கள் மனையிலிருந்து சரளைப் பாதையில் ஏறத்தாழ 200 அடி தூரம். பாதை நெடுக ஒரு கைப்பிடியும் இல்லை, தரையோடு ஒட்டிய மங்கலான விளக்குகள்தான். அந்தக் கட்டடத்தைக் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை சுத்தம் செய்வதற்காகப் பூட்டிவிடுகிறார்கள். விடுமுறை வாரத்தில், எல்லோரும் குளிக்கும் அந்த ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மூன்றாம் நாள் அதிகாலை நானும் அவரும் கைகோத்து நடந்துபோனபோது சரளையில் அவர் கால் வழுக்கி, என் தோளைப் பற்றிக்கொண்டதால் விழாமல் தப்பினார். அன்று முழுவதும் எனக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு பக்கத்து மனைத் தம்பதியர் கைப்பிடி உள்ள படி ஒன்றைக் கேட்காமலேயே கொண்டுவந்து எங்கள் வண்டி வாசலில் வைத்தார்கள்.

இன்னொரு குறை, விருந்தினர் கட்டணம். மருமகளின் தோழி குடும்பம் ஒரு மாலை எங்களைப் பார்க்க வந்தபோது, ஐந்து பேருக்கும் தலைக்கு ஐந்து டாலர் வீதம் வாங்கினார்கள். விதி இருந்தால் கட்டத்தான் வேண்டும். ஆனால் முன்பதிவுப் பக்கத்தில் அது எங்கும் தெரிவிக்கப்படவில்லை. வந்த உறவையும் நட்பையும் வாசலில் நிறுத்திக் காசு கேட்டபோது எங்களுக்கு ஏற்பட்ட கூச்சம் பெரியது.

செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனைக்கு ஓர் இரவு 72 டாலர். இரண்டு மனை, நான்கு இரவுகளுக்கு 576 டாலர், அதாவது அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 49,000 ரூபாய். இரண்டு வண்டிகளின் வாடகை, காப்பீடு, சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் சேர்ந்து 2,100 டாலர் ஆனது. வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தாலே அதிகம் என்பதால் எரிபொருள் தனி. ஐந்து ஓட்டல் அறைகளுக்கு ஆகியிருக்கக்கூடிய தொகைக்கு இது குறைந்ததல்ல. பணம் மிச்சமாகும் என்று எண்ணி இப்படித் தங்கப் போகக் கூடாது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே திண்ணை வேண்டும் என்பவர்கள் மட்டும் போகலாம். அதற்காக நான் மீண்டும் போகத் தயார்.

அடுத்த முறைக்கான ஏற்பாட்டில் எங்கள் தவறுகளைத் திருத்தியிருக்கிறோம். இத்தகைய பூங்காக்களில், சக்கரத்தின் மேல் கட்டப்பட்டு ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் சிறு வீடுகளை வாடகைக்குத் தருகிறார்கள். பார்க் மாடல் என்று பெயர், 400 சதுர அடிக்குள் இருக்கும். அகலமான கதவு, முழு அளவுக் குளியலறை, கைப்பிடியுள்ள தாழ்ந்த படிகள் ஆகியவை அதில் உண்டு. முதியவர்களுக்கு அப்படி ஒரு வீடும், அதற்கு எதிரே மற்றவர்களுக்கு இணைமனையும் எடுத்தால் திண்ணையும் கிடைக்கும், முழங்காலும் பிழைக்கும். என் குறைகளை எழுதி அனுப்பியதற்குப் பூங்கா நிர்வாகம் பதில் எழுதி, குளியலறையைச் சுத்தம் செய்யும் நேரத்தை மதியத்துக்கு மாற்றிவிட்டதாகத் தெரிவித்தது. மகன் அடுத்த டிசம்பருக்கு அதே பூங்காவில் ஒரு பார்க் மாடல் வீட்டையும் அதற்கு எதிரே உள்ள இரண்டு மனைகளையும் பதிவு செய்துவிட்டான். அதைக் கேட்ட என் மாமியார், காவேரிப்பட்டணத்துத் தச்சர் ஒருவரிடம் களி கிண்டும் துடுப்பு ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அதன் நீளத்தை என்னை அளந்து தரச் சொன்னார்.